தில்லை மறைபொருளும் அம்பலப்புளியும்

தமிழிலக்கணம் சொல்வழக்கை வகுக்குங்கால், ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் பொருள் விளங்குமாறு வழங்கும் சொல்லைக் 'குழூஉக்குறி' எனப் பெயரிட்டுத் தகுதி வழக்கின் ஒரு வகையாக வைத்துள்ளது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் நன்னூல் உரைகளில் மாணவர் அனைவரும் கற்கும் எடுத்துக்காட்டுகள். இவற்றைத் தொழிலாளர் வழக்கு என்ற அளவில் கற்று அமைகின்றோம். நாட்டு வரலாற்றின் நெருக்கடி மிக்க காலங்களில் இத்தகைய குறிச்சொற்கள் ஆற்றிய பணி யாது என்பதை நாம் மிகுதியாக எண்ணிப் பார்த்ததில்லை.

தில்லைச் சிற்றம்பலத்துக் கூத்தப்பெருமானின் திருமேனி ஏறத்தாழ 38 ஆண்டுகள் தில்லையில் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு. கி.பி. 1648 டிசம்பரில் அது கோயிலினின்று எடுத்துச் செல்லப்பட்டது. 1686 நவம்பரில் மீண்டும் எழுந்தருளியது. இந்நிகழ்ச்சிக்கு இருவகைச் சான்றுகள் உள. ஒன்று, மராட்டிய மன்னர் சம்பாசியின் காலத்துச் செப்பேடுகள். மற்றொன்று, வாய்வழியாக வந்து பின்னர் டாக்டர் உ. வே. சாமிநாதையரால் 'அம்பலப்புளி' என்னும் தலைப்பில் எழுதிவைக்கப்பட்ட கதை. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கி, ஒரு பெரும்பொருள் ஒரு தலைமுறைக்கு மேலாக எவ்வாறு மறைத்துக் காக்கப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. காலமும் களமும்

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சிதம்பரமும் கடலூரும் செஞ்சி நாயக்கரின் ஆட்சிக்குட்பட்டிருந்தன. அவருடைய இசைவு பெற்றே ஒல்லாந்தர் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் வாணிகம் செய்ய இடம் பெற்றனர். விசயநகரப் பேரரசு தளர்ந்தபின், பீசப்பூர், கோல்கொண்டா ஆகிய இரு சுல்தான்களின் படைகளும் கருநாடக நாட்டுட் புகுந்தன. பீசப்பூர்ப் படை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டு, 1648ஆம் ஆண்டின் இறுதி நாள்களில் அதனைக் கைக்கொண்டது.

கூத்தப்பெருமானின் திருமேனி தில்லையை விட்டு நீங்கியதும் அதே டிசம்பர்த் திங்களில் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. செப்பேடுகள் தரும் காலக்குறிப்பும் பீசப்பூர் வரலாற்று நூல்கள் தரும் காலக்குறிப்பும் ஒன்றையொன்று அறியாதவை. வேறு மொழியில், வேறு நாட்டில், வேறு நோக்குடன் எழுதப்பட்டவை. அவை இவ்வாறு ஒரே திங்களில் வந்து பொருந்துவது, செப்பேட்டின் கூற்று பிற்காலத்துப் புனைவன்று என்பதற்குத் தக்க சான்றாகும். தில்லைவாழ் அந்தணர் எதிரி வாயிலுக்கு வரும்வரை காத்திருந்திலர். செஞ்சிக் கோட்டையின் நிலை ஐயத்திற்குரியதான அளவிலேயே புறப்பட்டுவிட்டனர் என்பது இதனாற் போதரும்.

அவர்கள் நெருக்கடியில் எப்பொழுதும் மறைவையே நாடினர் என்று கொள்ளுதல் தவறு. இதற்கு ஏறத்தாழ ஐம்பதாண்டுகட்கு முன், 1597இல், செஞ்சிக் கிருட்டிணப்ப நாயக்கர் தில்லைக் கோயிலினுள் கோவிந்தராசர் சந்நிதியை விரிவுபடுத்த முற்பட்டபொழுது நிகழ்ந்ததை ஏசு சபைத் துறவி பிமெண்டா எழுதிவைத்துள்ளார். எதிர்ப்புத் தெரிவித்த அந்தணர் கோபுரத்தின்மேலேறிக் கீழே வீழ்ந்து உயிர்நீத்தனர். இருபதின்மர் அவ்வாறு மாண்டனர் என்பது அவர் கூற்று. பலர் காண உயிர் கொடுத்த அதே குழுவினரே, அரை நூற்றாண்டு கழித்து, எவரும் காணாவண்ணம் இரவோடு இரவாக நீங்குதற்குரிய வழியை மேற்கொண்டனர். முன்னையது, தம் சொல்லைக் கேட்கக்கூடிய அரசனை நோக்கிய எதிர்ப்பு. பின்னையதோ, முறையிடுதற்கு எவரும் இல்லாத நிலையில் எழுந்த காப்பு. ஒரே மக்கள் இருவேறு வழிகளை மேற்கொண்டமைக்கு இவ்வேறுபாடே காரணம் எனலாம்.

2. செப்பேடு கூறுவது

செப்பேடுகளின்படி திருமேனி முதலிற் குடுமியான்மலையிலும் பின்னர் மதுரையிலும் வைத்துக் காக்கப்பட்டது. இவ்வழியினை நிலப்படத்தில் வைத்துப் பார்ப்பார்க்கு அதன் பொருத்தம் எளிதில் விளங்கும். தில்லைக்கு வடக்கே செஞ்சி. அங்குப் பகைவர் படை. கிழக்கே கடல், பரங்கிப்பேட்டையும் தேவனாம்பட்டினமும் பல நாட்டு வணிகரும் ஒற்றரும் கூடும் துறைமுகங்கள். எஞ்சியது கொள்ளிடத்தைக் கடந்து தெற்கும் தென்மேற்கும் செல்லும் வழியே. குடுமியான்மலை பெருவழிப் போர்க்களங்களினின்று ஒதுங்கிய மலைக்கோயில். இசைக் கல்வெட்டால் இன்று அறிஞர் அறிந்த அவ்வூர் அந்நாளில் ஒரு புகலிடமாகவும் விளங்கிற்று. மதுரையோ திருமலை நாயக்கரின் தலைநகர். அக்காலத் தமிழகத்தில் ஓரளவேனும் வலிமையுடன் நின்ற ஆட்சியின் நடுவிடம்.

இடைப்பட்ட 38 ஆண்டுகளில் நாட்டில் நேர்ந்த மாற்றங்கள் பல. செஞ்சி பீசப்பூருக்கு உரியதாயிற்று. தஞ்சை நாயக்கர் திறைசெலுத்த இசைந்து, பின்னர் 1673இல் மதுரைச் சொக்கநாத நாயக்கரால் வீழ்த்தப்பட்டனர். ஓரிரண்டு ஆண்டுகளில் தஞ்சை மராட்டிய ஏகோசியின் கைக்கு மாறியது. 1677இல் சிவாசி தென்னாட்டிற் படையெடுத்து வந்து செஞ்சியைக் கைப்பற்றினார். பீசப்பூரின் பொருட்டு இப்பகுதியை ஆண்ட சேர்கான் லோடி அவரிடம் தோற்றுத் தில்லைக்கு அண்மையிலுள்ள புவனகிரியில் அடைக்கலம் புகுந்தான். சிவாசி 1680இல் மறைந்தபின் அவர் மகன் சம்பாசியின் ஆட்சியில், செஞ்சிப் பகுதியை அரசி மகாதிக் என்னும் மராட்டியத் தலைவர் நிருவகித்தார். ஆங்கிலேயர் கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் வாணிக உரிமை பெற்றதும் இக்காலத்தேயாம்.

இவ்வளவு ஆட்சிமாற்றங்களும் ஓய்ந்து, மராட்டியர் கையில் இப்பகுதி ஓரளவு நிலைபெற்ற பின்னரே திருமேனி மீண்டது. திருப்பணியும் குடமுழுக்கும் சம்பாசியின் ஆதரவில் நிகழ்ந்தன. அதே 1686ஆம் ஆண்டின் செப்டம்பரில் பீசப்பூர் நகரமே அவுரங்கசீப்பிடம் வீழ்ந்தது. எந்த அரசின் படைக்கு அஞ்சித் திருமேனி புறப்பட்டதோ, அந்த அரசு இல்லாதொழிந்த ஆண்டிலேயே அது தன் அம்பலத்திற்குத் திரும்பிற்று.

3. கதை கூறுவது

இனி, வாய்வழி வந்த கதையை நோக்குவோம். பகைவர் படை வருமென்று அஞ்சிய தீட்சிதர் சிலர் திருமேனியை எடுத்துக்கொண்டு மேற்கே மலைநாட்டுப் பக்கம் சென்றனர். ஒரு புளியந்தோப்பில் பருத்த புளியமரம் ஒன்றின் பொந்தினுள் அதனை வைத்து மூடிவிட்டு மீண்டனர். தோப்புக்குரியவன் அம்மரத்தில் தெய்வத்தன்மை இருப்பதை உணர்ந்து வழிபடலானான். அதற்கு 'அம்பலப்புளி' என்ற பெயர் வழங்கலாயிற்று. ஆண்டுகள் பல கழிந்தன. மறைத்தவர்கள் இறந்தனர். அமைதி திரும்பியபின் அடுத்த தலைமுறையைச் சார்ந்த தீட்சிதர்கள் திருமேனியைத் தேடிப் புறப்பட்டனர். மரத்தில் மறைத்த செய்தி அவர்கட்குத் தெரியும். எந்த மரம் என்பது தெரியாது. ஓரிடத்தில் முதியவன் ஒருவன் தன் ஆளிடம், மாட்டை அம்பலப்புளியில் கட்டுமாறு கூறியது அவர்கள் செவியில் வீழ்ந்தது. அச்சொல்லைப் பற்றிக்கொண்டு வினவி, மரத்தை அடைந்து, திருமேனியை மீட்டனர் என்பது கதையின் சுருக்கம்.

கதையின் இடக்குறிப்பும் செப்பேட்டின் இடக்குறிப்பும் ஒன்றாகா. செப்பேடு மலைக்கோயிலையும் மாநகரையும் கூறுகிறது. கதை தோப்பையும் மரத்தையும் கூறுகிறது. இவ்விடத்து ஆராய்ச்சியாளர் இருவேறு தவறுகளுள் ஒன்றிற் புகுதல் உண்டு. செப்பேட்டைக் கண்டதும் கதையை முற்றத் தள்ளிவிடுதல் ஒன்று. கதையின் சுவையில் ஈடுபட்டுச் செப்பேட்டை அதற்கேற்ப வளைத்துப் பொருள் கொள்ளுதல் மற்றொன்று. இரண்டும் ஏற்புடையன அல்ல.

செப்பேடு அரசு அறிந்ததைக் கூறும். அரசின் அறக்கொடையைப் பதிவுசெய்வது அதன் தொழில். ஆதலின் எப்பொழுது, எங்கு, எவர் ஆதரவில் என்ற வினாக்களுக்கு அதன் விடையே வலியுடையது. ஆனால், பொருளை மறைத்தார் தமக்குள் எவ்வாறு செய்தியைக் கைமாற்றினர், மீட்டார் எதனைக்கொண்டு இடத்தை அறிந்தனர் என்ற வினாக்களைச் செப்பேடு எழுப்புவதேயில்லை. அவற்றைப் பற்றிய நினைவு கதையில்தான் தங்கியுள்ளது. இடத்தையும் காலத்தையும் குறித்துக் கதை பிழைபடலாம். மறைத்தலின் முறையைக் குறித்து அது கூறுவது, அம்முறையை அறிந்தவர் வாயிற் பிறந்த கூற்றாதலின், ஆராய்தற்குரியது. மேலும், மறைவிடம் பற்றிய கதை மெய்யான இடத்தைச் சுட்டாமல் வேறிடத்தைச் சுட்டி உலவுவது மறைத்தார்க்கு நன்மையே தவிரத் தீமையன்று என்பதையும் மறத்தல் ஆகாது.

4. 'அம்பலம்' என்னும் சொல்

அக்கதை முழுதும் ஒரு சொல்லைச் சுற்றி அமைந்துள்ளது. ஆகவே அச்சொல்லின் பொருள் வரலாற்றைக் காண்போம்.

'அம்பலம்' என்பதற்குப் பலர் கூடும் வெளி, பொதுவிடம், மன்றம் என்பன பொருள். தில்லையிற் சிற்றம்பலம், பேரம்பலம் எனவும், இறைவனுக்கு அம்பலவாணன் எனவும் வழங்கும் பெயர்கள் இப்பொருளின் வழிவந்தவையே. மறைந்திருந்த ஒன்று பலரறிய வெளிப்படுதலை 'அம்பலமாயிற்று' என்கிறோம். எனவே தமிழ் வழக்கில் மறைவுக்கு நேர் எதிரான சொல் அம்பலம். எவரும் அறியலாகாத பொருளை உள்ளடக்கிய மரத்திற்கு, எவரும் அறிய நிற்றலைக் குறிக்கும் சொல்லே பெயராக அமைந்தது. வேடர் கள்ளுக்கு இட்ட 'சொல்விளம்பி' என்னும் குறி இவ்விடத்து நினைவுக்கு வருகிறது. உள்ளத்து மறையை வெளியிடச் செய்யும் பொருள் என்பதே அப்பெயரின் கருத்து. மறைவுச் சொல்லே வெளிப்படுத்தலைப் பேசுவது அங்கும் உண்டு.

இன்னொரு நுட்பமும் இதன்கண் உளது. மலைநாட்டு வழக்கில் 'அம்பலம்' என்பது கோயிலைக் குறிக்கும் பொதுச்சொல். சிறிய தேவன் கோயிலும் பெரிய தேவன் கோயிலும் அங்கு அம்பலமே. ஆதலின் அந்நாட்டார் செவியில் 'அம்பலப்புளி' என்பது கோயிற்புளி என்ற அளவில் ஒலிக்கும். ஊர்தோறும் கோயிலை ஒட்டி மரம் இருத்தல் இயல்பாதலின், அப்பெயர் கேட்போரிடத்து எவ்வித ஐயத்தையும் எழுப்பாது. தில்லையினின்று சென்றவர் செவியிலோ அம்பலம் என்பது ஒன்றே, அது சிற்றம்பலம். ஒரே சொல், ஒரே ஒலி. ஊரார்க்கு ஒரு பொருள், தேடிவந்தார்க்கு வேறொரு பொருள்.

நன்னூல் கூறும் குழூஉக்குறியில் ஒரு சொல்லை நீக்கி வேறொரு சொல்லை இட்டு வழங்குகின்றனர். பிறர் அதனைக் கேட்பின், பொருள் விளங்காவிடினும், இங்கு ஏதோ மறைக்கப்படுகிறது என்பதையேனும் அறிவர். அம்பலப்புளி அத்தகையதன்று. பிறர்க்கும் பொருள் விளங்குகிறது. விளங்கிய பொருளோடு அவர் அமைந்துவிடுகிறார். மறைவு இருப்பதே தெரியாதவாறு மறைத்தல் குறிச்சொல்லின் மிக உயர்ந்த நிலை. கதை வரலாற்று நிகழ்ச்சியாகவே இருப்பினும், பின்னோர் கட்டியதாகவே இருப்பினும், அதனை வழங்கிய மக்கள் இந்நுட்பத்தை அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை.

5. மறைபொருள் என்னும் பெயர்

தில்லையை நினைத்தவுடன் 'சிதம்பர இரகசியம்' என்னும் வழக்கு நினைவுக்கு வருதல் இயல்பு. விடைகாணவியலாத எதனையும் மக்கள் இப்பெயராற் குறிப்பர். ஆயினும் கோயிலில் அது மறைக்கப்பட்டதொன்றன்று. கூத்தப்பெருமானின் அருகே திரையிட்ட ஓரிடம். திரையை விலக்கினால் பொன் வில்வ மாலைகள் தொங்கும் வெறுவெளி. அது அருவத் திருமேனி. வேண்டுவார்க்குத் திரை நீக்கிக் காட்டப்பெறுவது.

இவ்வெளியை எவரும் கவர்ந்து செல்லவியலாது. எவரும் எடுத்து மறைக்கவும் வேண்டுவதில்லை. உருவம், அருவுருவம், அருவம் என இறைவன் மூவகையாக வழிபடப்பெறும் தலமாதலின், உருவத் திருமேனி நீங்கிய காலத்தும் தில்லை தன் பொருளை முற்றிலும் இழந்ததாகாது என்று சமயநூல் வல்லார் கூறுவர். வரலாற்று நோக்கிற் கூறுமிடத்து, மறைபொருள் எனப் பெயர் பெற்றது வெளிப்படையாக நின்றது. அம்பலத்தில் ஆடுவது எனப் பெயர் பெற்றதே 38 ஆண்டுகள் மறைபொருளாயிற்று. பெயரைக் கொண்டு மறைவைத் தேடுவார் தில்லையில் ஏமாற்றமே அடைவர்.

6. பூட்டிய அறை

மறைத்தலைப் பற்றித் தில்லை வழங்கும் மற்றொரு வரலாறும் உண்டு. அதனை இதனோடு ஒப்புநோக்குதல் தகும். மூவர் தேவாரம் தில்லைக் கோயிலின் அறையொன்றில் மூவரின் கைம்முத்திரையுடன் பூட்டிவைக்கப்பட்டிருந்தது எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். மூவரும் வந்தாலன்றி அறை திறக்கப்படாது என்று தில்லைவாழ் அந்தணர் கூற, மன்னன் மூவரின் திருமேனிகளை எழுந்தருளச் செய்து திறப்பித்தான். நம்பியாண்டார் நம்பி ஏடுகளைக் கண்டபொழுது பெரும்பகுதி செல்லரித்திருந்தது. எஞ்சியவையே திருமுறைகளாகத் தொகுக்கப்பட்டன என்பது வரலாறு.

கல்வெட்டுகள் இக்கூற்றை ஒருபுடை திருத்துகின்றன. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்திலேயே திருவல்லத்துக் கோயிலில் திருப்பதியம் பாடுவார் இருந்தமை கல்வெட்டால் தெரிகிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரரையும் அவர்க்குத் துணையாக மத்தளம் முதலியன முழக்குவார் இருவரையும் அமைத்தான். எனவே பதிகங்கள் நாட்டில் முற்றும் மறைந்திருந்தன என்பது பொருந்தாது. பாடுவார் நாவில் அவை உயிருடன் வழங்கின. அறையில் இருந்தவை ஏடுகள். நாட்டில் இருந்தது பாட்டு.

இவ்விரு வரலாறுகளும் ஒன்றையொன்று விளக்குவன. அறைக்கு முத்திரை இருந்தது, பூட்டு இருந்தது, திறத்தற்குரிய விதியும் இருந்தது. உள்ளிருந்த ஏட்டைப் பேணிப் படியெடுத்துக் கைமாற்றும் ஆள் இல்லை. ஆதலிற் செல் அரித்தது. அம்பலப்புளிக்குப் பூட்டும் இல்லை, முத்திரையும் இல்லை. ஆனால் அதனைத் தேடிச் செல்லும் கடமையைத் தந்தையிடமிருந்து பெற்ற மக்கள் இருந்தனர், பொருள் மீண்டது. கதை, புராணம் என்னும் இவ்விரண்டிலும் நம் முன்னோர் கண்ட உண்மை ஒன்றே: மறைவைக் காப்பது பூட்டு அன்று, வழிவழிவரும் மனிதர்.

7. காத்த குழு

அம்மனிதர் யாவர்? தில்லைவாழ் அந்தணர் எனவும் பொது தீட்சிதர் எனவும் பெயர் பெற்ற குழுவினர். அவருட் கோயிற் பூசை ஒரு குடும்பத்தின் தனியுரிமையன்று. மணம்புரிந்த ஆடவர் ஒவ்வொருவர்க்கும் முறைவைத்து வருவது. பொதுக்காரியங்கள் கூட்டத்தில் முடிவுசெய்யப் பெறுகின்றன. தம் குழுவினுள்ளேயே மணவுறவு கொள்வது அவர் வழக்கம்.

இவ்வமைப்பின் இயல்புகள் மறைவைக் காத்தற்கு எத்துணைப் பொருந்துவன என்பதைக் காண்க. தனித் தலைவன் ஒருவன் இன்மையின், ஒருவனை அச்சுறுத்தியோ பொருள் கொடுத்தோ முழுச்செய்தியையும் பெறுதல் அரிது. முறைவைத்துப் பூசை செய்தலின், திருமேனியின் அடையாளங்களை ஒவ்வொரு குடும்பத்தினரும் கண்ணாரக் கண்டு அறிவர். உள்ளுறவு மணத்தால் செய்தி குழுவின் வெளியே செல்லும் வாயில் குறைவு. அன்றியும், பூசைமுறை தந்தைக்குப்பின் மகனுக்கு வருமுறையில், கடமையும் நினைவும் உடன் வருகின்றன.

திருமேனியின் அடையாளத்தை அறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்குத் திருவரங்கத்து வரலாறு சான்று. பதினான்காம் நூற்றாண்டிற் படையெடுப்பிற்கு அஞ்சி எடுத்துச் செல்லப்பட்ட அழகியமணவாளர் திருமேனி பல ஊர்கள் சுற்றி, 1371இல் கோபணாரியரால் மீண்டும் திருவரங்கத்தில் எழுந்தருளியது. அதற்குள் அங்கு வேறொரு திருமேனி வழிபாட்டில் இருந்தது. எது பழையது என்று துணிய வல்லார் எவருமிலர். கண்ணொளி இழந்த முதிய வண்ணான் ஒருவன், திருமேனியில் சாத்திய ஈர ஆடையின் மணத்தைக்கொண்டு இன்னதென்று உணர்த்தினான் எனக் கோயிலொழுகு கூறும். அரசாணையும் ஏடும் துணிய மாட்டாததை, நாள்தோறும் ஆடை வெளுத்த ஒருவனின் நினைவு துணிந்தது. தில்லையில் அத்தகைய ஐயம் எழுந்ததாகச் செய்தி வழங்கவில்லை. பூசகர் குழு சிதையாமையே அதற்குக் காரணமாகலாம்.

8. மீளாதவை

தில்லைக்கு நேர்ந்தது அக்காலத்துப் பிற கோயில்கட்கும் நேர்ந்ததே. காஞ்சி வரதராசர் திருமேனி 1688இல் முகலாயப் படைக்கு அஞ்சி உடையார்பாளையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1710இல் மீண்டது. அதனைக் குறிக்கும் கல்வெட்டு அக்கோயிலில் உள்ளது. அங்கினின்றே வெளிப்போந்த காமாட்சியின் பொன்திருமேனியோ காஞ்சிக்குத் திரும்பவில்லை. தஞ்சையிற் பங்காரு காமாட்சியாக இன்றும் வழிபடப்பெறுகிறது.

இவற்றினும் நெஞ்சை வருத்துவது மூன்றாவது வகை. தில்லைக்குத் தெற்கே, கொள்ளிடத்திற்கு அப்பால் உள்ள திருவெண்காட்டில் 1951இல் மண்ணிற் புதைந்திருந்த சோழர்காலச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. விடைமேற் சாய்ந்து நிற்கும் கோலத்து இறைவன் திருமேனி உலகப்புகழ் பெற்றது. இன்று தஞ்சைக் கலைக்கூடத்தை அணிசெய்கிறது. தில்லைக்கு வடக்கே விழுப்புரத்தை அடுத்த எசாலத்தில் 1987இல் முதலாம் இராசேந்திரன் காலத்துச் செப்பேட்டுடன் திருமேனிகள் கிடைத்தன. இவற்றை மண்ணில் இட்டவர்களும் காக்கும் நோக்குடையவர்களே என்பது அவை பேணிப் புதைக்கப்பட்ட முறையால் தெரிகிறது. அவர்களும் இடத்தை அறிந்திருப்பர். தமக்குள் ஒரு குறி வைத்திருப்பர். ஆனால் அக்குறியை ஏற்று மீளவந்து தோண்டுதற்கு ஆள் எஞ்சவில்லை. குறி இறந்தது, பொருள் எஞ்சியது. கலையுலகிற்கு அது செல்வம். வழிபட்ட ஊர்க்கோ நூற்றாண்டுகள் நீண்ட இழப்பு.

தில்லையின் அமைதியும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1690இல் மராட்டிய இராசாராமிடமிருந்து ஆங்கிலேயர் தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்குப் பெற்று, பீரங்கிக்குண்டு சென்று வீழ்ந்த எல்லைவரை ஊர்களைத் தமதாக்கிக்கொண்டனர். கடலூர்ப் பகுதியில் அவ்வூர்கள் 'குண்டு கிராமம்' எனப் பெயர் பெற்றன. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் தில்லைக் கோயில் மதிலே கோட்டையாயிற்று. 1781 சூனில் ஐதர் அலியின் படை அதனுள் இருந்து சர் அயர் கூட்டின் தாக்குதலைத் தடுத்துத் திருப்பியது. ஒரு முறை கற்ற மறைத்தற்கலை தேவையற்றதாகிவிடவில்லை.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவு இது. மறைவான குறிகளையும் மறைவான குழுக்களையும் பற்றிக் கதை எழுதுவோர், குறியின் அருமையிலேயே கருத்தைச் செலுத்துவர். குறியை உடைத்தால் மறை வெளிப்படும் என்பது அவர் கொள்கை. தில்லை வரலாறு காட்டுவது வேறு. அம்பலப்புளி என்னும் குறியை உடைக்கவேண்டிய தேவையே இல்லை. அது மாடு கட்டும் ஆளின் வாயில் நாள்தோறும் வழங்கிய சொல். கேட்ட ஆயிரம் பேருக்கு அது புளியமரம். அதற்காக வாழ்நாளைக் கழித்துத் தேடிவந்தார்க்கு மட்டும் அது சிற்றம்பலம்.

இத்துறையில் ஆராயப் புகுவார் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கல்வெட்டும் செப்பேடும் அச்சேறியுள்ளன. இன்று இல்லாவிடினும் நாளை ஒருவர் அவற்றைப் படிப்பர். ஊர்தோறும் தோப்புக்கும் குளத்திற்கும் மேட்டிற்கும் வழங்கும் சிறு பெயர்களும், அவற்றைப் பற்றி முதியோர் கூறும் சிறு கதைகளும் அவ்வாறு காத்திரா. கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் அத்தகைய பெயர்களை நேரிற் சென்று தொகுத்தல் வேண்டும். அவற்றுள் எது வெறும் மரப்பெயர், எது மறைந்த வரலாற்றின் குறி என்பது தொகுத்தபின்னரே விளங்கும். கேட்பதற்கு ஒருவர் செல்லாதவழி, குறியைச் சொல்லுதற்கு ஒருவர் இருந்தும் பயனில்லை.